அழிப்பதற்கு ஆகும் வெப்பம்

நம்ம சிறுபத்திரிகைகளில் 'என்ட்ரோபி' என்கிற சொல் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. நாவல் சிதைந்தால் என்ட்ரோபி, இயக்கம் உடைந்தால் என்ட்ரோபி. உருவகமாக எடுத்தாள்வதில் தப்பில்லை. ஆனால் இயற்பியல் அச்சொல்லால் எதைக் குறிக்கிறது என்பதை விட்டுவிட்டால் உருவகமும் நீர்த்துப்போகும் என்பதே என் கருத்து.

1867இல் மாக்ஸ்வெல் ஒரு கற்பனை செய்தார். நீடாமங்கலத்துக்காரனான நான் அதை இப்படிச் சொல்வேன். ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அங்கே ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் உண்டு. காற்றடைத்த பெட்டியின் நடுத்தடுப்பில் அதேபோல் ஒரு சின்ன மதகும் ஒரு லஸ்கரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவானதை மறுபக்கமும் அவர் விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. உழைப்பே இல்லாமல் கிடைத்த இந்த வேறுபாட்டைக் கொண்டு எஞ்சினையே ஓட்டலாம். அப்படியானால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பொய்த்துப்போகும்.

எங்கே உதைக்கிறது? 1929இல் சிலார்ட் லஸ்கரின் அறிதலையும் கணக்கில் சேர்த்தார். பார்த்து அறிவதற்கே விலை உண்டு என்றார். 1961இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் லாண்டவர் விலையை வேறிடத்தில் கண்டார்: அழிப்பதில். 1982இல் பென்னட் இதைக் கொண்டு லஸ்கரின் புதிரை அவிழ்த்தார். பார்ப்பதும் குறிப்பதும் கொள்கையளவில் செலவின்றி நடக்கலாம். ஆனால் நோட்டு நிறைந்ததும், மறுபடி தொடங்க அதைத் துடைத்தாக வேண்டும். 'ஆம்' என்றிருந்ததும் 'இல்லை' என்றிருந்ததும் ஒரே வெற்றுப் பக்கமாகின்றன. இரண்டு நிலைகள் ஒன்றாகச் சுருங்கும்போது அதற்கு ஈடான வெப்பம் சுற்றுப்புறத்துக்கு வெளியேறியாக வேண்டும். லஸ்கர் சம்பாதித்ததெல்லாம் அதில் போய்விடும். விதி பிழைத்தது.

விலை மிகச் சொற்பம்தான். அறை வெப்பத்தில் ஓர் 'ஆம்-இல்லை'யை அழிக்க, ஒரு ஜூலைப் பத்தின் 21ஆம் அடுக்கால் வகுத்து மூன்றால் பெருக்கினால் வருவதைவிடக் கொஞ்சம் குறைவு. 2012இல் பிரான்சின் லியோன் நகரில், லேசர் ஒளியில் பிடித்துவைத்த நுண்மணி ஒன்றைக் கொண்டு இதை அளந்தார்கள். மெதுவாக அழிக்க அழிக்க, சராசரி வெப்பம் இந்த வரம்பை நெருங்கியது.

ஆக, தகவல் அந்தரத்தில் நிற்பதல்ல, பருண்மையானது. ஓலையோ காகிதமோ மூளையோ, அதற்கு ஓர் உடல் வேண்டும்.

1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்த தலித் மக்கள் அடிக்கப்பட்டு மொட்டையடிக்கப்பட்டார்கள். 'விடுதலை', 'குடி அரசு' இதழ்கள் எழுதின. காங்கிரஸ் தரப்பு மறுத்தது. பின்னாளில் ஆ. திருநீலகண்டன் இதை நூலாக எழுதினார். இந்த மறுப்பை லாண்டவர் விதியால் விளக்க முடியாது. அழிப்புக்கு விலை உண்டு என்று மட்டுமே அவ்விதி சொல்கிறது; அதை யார் தலையில் கட்டுவது என்பது அதிகாரத்தின் விவகாரம். உருவகம் தேடும் தோழர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். வெப்பம் தானாக வெளியேறும். சாட்சியம் தானாக மிஞ்சாது. 1937ஐ நாம் அறிவது, அன்றைக்கு யாரோ அச்சுக்கோத்துக் காகிதத்தில் ஏற்றியதால்தான்.