திருடனே காவலன் வேடத்தில்!

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே ஒரு பட்டறையில் நீங்கள் கணக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் ஏதோ தேடுகையில் திடீரென ஓர் எச்சரிக்கை: ‘உங்கள் கணினியில் 38 வைரஸ்கள்! நீக்க இங்கே அழுத்துக.’ கணக்கெல்லாம் அழிந்துவிடுமோ என்று மனம் பதறும். சற்றுப் பொறுங்கள்!

இணையப் பக்கம் எதுவும் உங்கள் கோப்புகளைத் தானாகத் திறந்து படிக்க இயலாது. உலாவி அதற்கு இடம் தராது. அப்படியானால் 38 வைரஸ்களை எண்ணியது எவ்வாறு? எண்ணவே இல்லை! திரையில் ஓடுவது முன்பே செய்து வைத்த படம். உடனே பணம் கட்டச் சொல்வது மற்றோர் அடையாளம்.

அச்சத்தை விற்கும் வாணிபம் இது. ‘ட்ரைவ்கிளீனர்’ போன்ற போலிகளை விற்றவர்கள், 60-க்கு மேற்பட்ட நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றியதாக 2010-இல் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது.

அந்தப் பக்கத்தில் எதையும் அழுத்தாதீர்கள். ‘ரத்து’ என்ற பொத்தானும் பொறியாகலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன்வழி உலாவியை மூடுங்கள்.

போலி ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டதா? இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கணினியை ‘சேஃப் மோடில்’ தொடங்கி, நிரல்களின் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். பிறகு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரால் முழுச் சோதனை செய்யுங்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரமும் இலவசக் கருவிகள் தருகிறது. கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.