பகல் வெயிலில் பம்ப்செட். குறையும் நிலக்கரி, குறையக் கூடாத கிணறு

எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் புளியங்குடி. கோடையில் காய்க்கு நல்ல விலை கிடைக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பூவும் பிஞ்சும் உதிரும். அதனால் மின்சாரம் எப்போது வரும் என்பதே இங்கு முதல் கேள்வி.

தென் மாவட்டங்களின் பெரிய மின் ஆதாரங்களில் ஒன்று, 1979 முதல் இயங்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையம். 5 அலகுகள், தலா 210 மெகாவாட். ஒடிசா நிலக்கரி கப்பலில் வந்து இங்கு எரிகிறது.

5 எச்.பி. மோட்டார் 5 மணி நேரம் ஓடினால் சுமார் 20 யூனிட் செலவாகும். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவை. அப்படியானால் ஒரு நாள் பாசனத்துக்கு 14 கிலோ. உள்நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். தமிழகத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. விவசாயிக்கு மின்சாரம் இலவசம். செலவு அரசுக்கும், புகையும் சாம்பலும் ஆலையைச் சுற்றியுள்ள மக்களுக்கும்.

அதற்காக அனல்மின் நிலையத்தை உடனே மூடிவிட முடியாது. காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில்தான் நன்றாகச் சுழலும். சூரிய மின்சாரம் மாலையில் நின்றுவிடும். வீடுகளில் தேவை கூடுவதும் அப்போதுதான். ஆலையை நம்பி வாழும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், பாசனம் இரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மோட்டார் பகலில் ஓடினால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். இரவில் வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கும் வேலையும் இல்லை.

சூரியசக்தி பம்ப்செட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. இலவச மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிவு செய்தவர்கள், மூப்பு நிலை என்னவாகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. வெயில் உள்ளவரை மோட்டார் ஓடும் என்பதற்காக ஓட விட்டால் கிணறு வற்றும். சொட்டுநீர்ப் பாசனத்தையும் சேர்த்தே அமைக்க வேண்டும். மரத்தடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். பலகையில் படியும் தூசியை அவ்வப்போது காலையில் துடைக்க வேண்டும்.

வெயில் நாளையும் வரும். கிணற்று நீருக்கு அந்த உறுதி இல்லை.