மெடிக்கல் கோடிங்: விடை தெரிஞ்சாலும் எழுதக்கூடாத பரீட்சை

பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல "மெடிக்கல் கோடர்"னு பார்த்துட்டு, "எந்த லாங்குவேஜ்ல கோடிங்?"னு கேட்டவங்க லிஸ்ட்ல நானும் உண்டு. பைத்தான், ஜாவா எதுவும் இல்லைங்க. அமெரிக்காவுல ஒரு டாக்டர் எழுதின நோட்டைப் படிச்சு, நோய்க்கு ஒரு கோட், செஞ்ச டெஸ்ட்டுக்கு ஒரு கோட் போடணும். அதை வச்சுத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். நோய்க்கான கோட் எல்லாம் ஐசிடி-10-சிஎம்ங்கற தொகுப்புல இருக்கு. 2015 அக்டோபர் 1-லேர்ந்து அங்க அதுதான் நடைமுறை. சென்னையில உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்கறவங்க நிறைய பேர், நம்ம சீனியர்களும் அதுல இருக்காங்க.

புக்ல தேடி நம்பர் எழுதறதுதானே, இதுல என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் தோணுச்சு. ரெஸ்ட்ரிக்டிவ் லங் டிசீஸ் பத்திப் படிச்சதும் அந்த நினைப்பு போயிடுச்சு.

முதல்ல நுரையீரலைப் பார்ப்போம். இது நம்ம ஏரியாதான், ஸ்பிரிங் கணக்கு. அழுத்தம் கொஞ்சம் மாறினா கொள்ளளவு எவ்வளவு மாறும்ங்கறதுக்கு கம்ப்ளையன்ஸ்னு பேரு. நுரையீரல் தழும்பேறி இறுகிப் போனா கம்ப்ளையன்ஸ் குறையும். புது பலூனை ஊதற மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் காத்து உள்ள போகாது. ஆனா உள்ள போன கொஞ்சக் காத்து வேகமா வெளிய வந்துடும், ஏன்னா ஸ்பிரிங் டைட்டா இருக்கு.

ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்ல இது அப்படியே தெரியும். மூச்சை முழுசா இழுத்து ஊதறப்ப வர்ற மொத்தக் காத்து எஃப்விசி. முதல் ஒரு செகண்டுல வர்றது எஃப்இவி1. ஆஸ்துமா, சிஓபிடி மாதிரி குழாய் அடைக்கிற நோய்ல இந்த ரெண்டுக்கும் உள்ள விகிதம் குறையும். ரெஸ்ட்ரிக்டிவ்ல எஃப்விசி குறையும், விகிதம் அப்படியே இருக்கும், இல்ல கூடும். ஆனா ஸ்பைரோமெட்ரி மட்டும் வச்சு உறுதி பண்ண முடியாது. நுரையீரலோட மொத்தக் கொள்ளளவு, அதாவது டிஎல்சி, குறைஞ்சிருக்குன்னு அளந்து காட்டணும். டெஸ்ட்டுக்கும் தனித்தனி சிபிடி கோட் உண்டு: ஸ்பைரோமெட்ரிக்கு 94010, கண்ணாடி அறைக்குள்ள உட்கார வச்சு டிஎல்சி அளக்கற பிளெதிஸ்மோகிராஃபிக்கு 94726.

சரி, இப்ப ஒரு கற்பனை நோட். 64 வயசு ஆள், வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்குது. எஃப்விசி இருக்க வேண்டியதுல 58 சதவீதம், விகிதம் 0.84, டிஎல்சி 62 சதவீதம். சிடி ரிப்போர்ட்ல, "இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸுடன் ஒத்துப்போகிறது"ன்னு இருக்கு. டாக்டர் கடைசியா எழுதினது: "ரெஸ்ட்ரிக்டிவ் லங் டிசீஸ்". அவ்வளவுதான்.

நீங்கதான் கோடர். இந்த ஆளுக்கு ஐபிஎஃப்னு உங்களுக்குத் தோணுது. அதுக்கு ஜே84.112னு அழகா ஒரு கோடும் இருக்கு. போடலாமா?

போடக்கூடாது. எண்ணைப் பார்த்து நோயை முடிவு பண்றது கோடரோட வேலை இல்லை, டாக்டர் எழுதினதுக்குத்தான் கோட். அவுட்பேஷன்ட்னா "இருக்கலாம்", "சந்தேகம்", "ஒத்துப்போகிறது"ன்னு எழுதினதை நோயா எடுத்துக்கவே கூடாதுன்னு விதியில நேராவே இருக்கு. (அட்மிட் ஆன நோயாளின்னா கதையே மாறுது. டிஸ்சார்ஜ் நேரத்துல டாக்டர் "இருக்கலாம்"னு எழுதினா, இருக்குன்னே எடுத்துக்கலாம். இந்த இடத்துலதான் எனக்குத் தலை சுத்துச்சு.)

அதனால நம்ம ஆளுக்குக் கிடைக்கறது ஜே98.4. "நுரையீரலின் பிற கோளாறுகள்"னு ஒரு குப்பைக்கூடை. ரெஸ்ட்ரிக்டிவ்ங்கறது ஒரு நோயோட பேரே இல்லை, நுரையீரல் நடந்துக்கற விதம். காரணம் நுரையீரலுக்கு வெளியகூட இருக்கலாம். முதுகெலும்பு வளைஞ்சிருந்தா எம்41, தசைச்சிதைவுன்னா ஜி71, உடல் பருமனால மூச்சு குறைஞ்சா இ66.2. நிலக்கரிச் சுரங்கத் தூசின்னா ஜே60. இதுல எதுவும் ஜே98.4-ல தெரியாது.

குப்பைக்கூடையில போட்டா யாருக்கு நஷ்டம்? நோயாளிக்குத்தான். ஐபிஎஃப்-க்கு பிர்ஃபெனிடோன், நின்டெடானிப்னு ரெண்டு மருந்துக்கு 2014 அக்டோபர்ல எஃப்டிஏ அனுமதி கிடைச்சுது. தழும்பு பரவற வேகத்தைக் குறைக்கும், ஆனா விலை ரொம்ப அதிகம். மருந்து தர்றதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனி என்ன நோய்னு பார்க்கும். அங்க ஜே98.4 போய் நின்னா ஃபைல் திரும்பி வர வாய்ப்பு நிறைய.

அப்படின்னா நல்லது பண்றோம்னு நாமளே ஜே84.112 போட்டுட்டா? சிடியில தெரியற அதே தழும்பு மாதிரி கல்நார் தூசி படிஞ்ச அஸ்பெஸ்டோசிஸ்லயும் வரலாம், அது ஜே61. முடக்குவாதத்துலயும் வரலாம். அந்த ஆள் முப்பது வருஷம் கப்பல் கட்டற இடத்துல வேலை பார்த்திருந்தா, நீங்க போட்ட "காரணம் தெரியாத" ஃபைப்ரோசிஸ் அவரோட நஷ்டஈட்டுக்கே குறுக்கே நிக்கும். இல்லாத நோய்க்கு பில் அனுப்பினோம்ங்கற சட்டச் சிக்கல் வேற.

ஒரே வழி, டாக்டர்கிட்ட கேட்கறது. இதுக்கு கொயரின்னு பேரு. அதுலயும் வார்த்தையை எண்ணித்தான் எழுதணும். "இது ஐபிஎஃப்தானே டாக்டர்?"னு கேட்டா தப்பு, விடையை நாமளே ஊட்டி விடறோம். எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. நோட்ல இருக்கற எஃப்விசி, டிஎல்சி, சிடி வரிகளை அப்படியே எடுத்து வச்சுட்டு, "ரெஸ்ட்ரிக்டிவ் லங் டிசீஸுக்கான காரணத்தை, தெரிந்தால், குறிப்பிடவும்"னு கேட்கணும். ஆப்ஷன் கொடுத்தா, நோட்ல ஆதாரம் இருக்கறதை மட்டும் கொடுக்கணும். கூடவே "வேறு", "இப்போது சொல்ல இயலாது"ங்கற ரெண்டும் இருக்கணும்.

டாக்டர் "இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்"னு மூணு வார்த்தை சேர்த்தா ஜே84.112. "சொல்ல இயலாது"ன்னு டிக் பண்ணினாலோ, பதிலே வரலைன்னாலோ, ஜே98.4-தான் போகும்.