மில்லிங் யந்திரத்திற்கு விளிம்பறி டயல் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் பகுதியில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. அதே பெயர் கொண்ட ஆறு அங்கே பாறைகளுக்கிடையே பாய்ந்து செல்கிறது. படுகையிலுள்ள கற்கள் வெள்ளத்தில் உருண்டு தேய்ந்து வழவழப்பாகியுள்ளன. அவற்றுள் ஒன்றை ஒரு பட்டறைத் தொழிலாளியிடம் கொடுத்து, இதில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு துளையிடுக என்று சொன்னால், எங்கிருந்து அளப்பது என்றுதான் அவர் முதலில் கேட்பார். விளிம்பு தேய்ந்துபோன பொருளில் அளவு தொடங்குவதற்கு இடமில்லை.

பட்டறையில் செய்யப்படும் உலோக உறுப்புகளின் நிலை இதற்கு மாறானது. துளை, பள்ளம், படி ஆகிய அனைத்தும் வரைபடத்தில் ஏதேனும் ஒரு விளிம்பிலிருந்தே குறிக்கப்படுகின்றன. மில்லிங் யந்திரத்தில் வேலைத் துண்டை வைஸில் இறுக்கிய பின்னர், ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டின் அச்சு அந்த விளிம்பிற்கு நேர்மேலே எப்பொழுது வருகிறது என்பதை அறிதல் வேண்டும். அங்கு நேரும் தவறு, அதன்பின் இடப்படும் ஒவ்வொரு துளையிலும் அப்படியே தொடரும்.

திருவனந்தபுரம் மாவட்டத்திற்கு இச்செய்தி மிகவும் உரியது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. இன்று நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் திரவ உந்துவிசை அமைப்புகள் மையமும், வட்டியூர்க்காவில் ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக் கோள்களுக்கும் திசையறி சாதனங்களை உருவாக்கும் நிலையமும் இயங்குகின்றன. இத்தகைய நிறுவனங்களின் பணிகளுக்கும், அவற்றிற்கு உறுப்புகள் செய்து தரும் தொழிற்கூடங்களுக்கும் தேவைப்படும் இளைஞர்கள் தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலிருந்தே வருகின்றனர். விளிம்பைக் காணும் பழக்கம் அங்கேயே சரியாக அமைதல் வேண்டும். அதற்கான கருவியை வாங்கும் பொறுப்புடைய ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் பயன்படும் என்ற கருத்துடன் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பழகிய முறைகள்

மிகப் பழைய முறை காகித முறையாகும். மெல்லிய காகிதத் துண்டை விளிம்பில் ஒட்டிச் சுழலும் கட்டரை மெல்ல நெருக்கினால், கட்டர் காகிதத்தைப் பறிக்கும் கணமே தொடுநிலை. செலவற்ற முறையே எனினும், காகிதத்தின் தடிப்பையும் கட்டரின் ஆரத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எட்ஜ் ஃபைண்டர் என வழங்கும் எளிய விளிம்பறி உருளை. இரு பகுதிகளாலான இவ்வுருளை உள்ளே ஒரு வில்லால் இணைக்கப்பட்டிருக்கும். நிமிடத்திற்கு 500 முதல் 1000 சுற்றுகள் வரை சுழலச் செய்து விளிம்பை நெருக்கினால், முதலில் ஆடிக்கொண்டிருக்கும் கீழ்ப்பகுதி படிப்படியாக நேராகி, பின் திடீரென ஒருபுறம் விலகும். அப்போது ஸ்பிண்டிலின் அச்சு உருளையின் ஆரத்தின் அளவுக்கு விளிம்பிற்கு அப்பால் நிற்கிறது. கவனமாகக் கையாண்டால் 0.01 மி.மீ. அளவிற்கு நம்பத்தக்கது, விலையும் குறைவு.

மூன்றாவது, தொட்டவுடன் விளக்கெரியும் மின்னியல் கருவி. வேலைத் துண்டின் வழியாக மின்சுற்று நிறைவுற வேண்டுமாதலால், இது பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் பயன்படாது.

நான்காவது, நெம்புகோல் வகை டயல் இண்டிகேட்டர். ஏற்கெனவே கடைந்து முடித்த துளையின் மையத்தைக் காண இதற்கு இணையானது அரிது. ஆயினும் விளிம்பைக் காண்பதற்கு இதில் நேரம் மிகுதியாகும்.

டயல் கருவியின் தத்துவம்

விளிம்பறி டயல் கருவியின் மேற்புறத்தில் ஸ்பிண்டிலில் பிடிப்பதற்கான தண்டும், நடுவில் டயலும், அடியில் சிறு கோளமுனை கொண்ட கம்பியும் உள்ளன. கோளம் விளிம்பைத் தொடும் கணத்தில், ஸ்பிண்டிலின் அச்சு கோளத்தின் ஆரத்தின் அளவு விளிம்பிலிருந்து விலகி நிற்கிறது. மேசையை மேலும் நகர்த்தினால் கம்பி சாய்கிறது. அச்சாய்வை உள்ளேயுள்ள நெம்புகோல் டயல் முள்ளுக்குத் தெரிவிக்கிறது. முள் பூச்சியத்திற்கு வரும்பொழுது கோளம் சரியாகத் தன் ஆரத்தின் அளவே ஒதுங்கியிருக்குமாறு கருவி அமைக்கப்பட்டுள்ளது. கோளத்தின் விட்டம் 4 மி.மீ. எனில், ஒதுக்கம் 2 மி.மீ. ஆகவே, முள் பூச்சியத்தில் நிற்கும்பொழுது ஸ்பிண்டிலின் அச்சு விளிம்பிற்கு நேர்மேலே நிற்கிறது. இதில் கழித்தல், கூட்டல் எதுவுமில்லை.

இக்கருவியின் முதன்மையான பயன் இதுவேயாகும். 0.01 மி.மீ. நுட்பம் எளிய உருளையிலும் கிடைக்கிறது. பட்டறையில் பெரும் சேதம் விளைவிப்பது நுட்பக் குறைவன்று, குறிப் பிழையே. ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு தகட்டின் இடது விளிம்பிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் துளையிட வேண்டும். கையிலுள்ள உருளையின் விட்டம் 10 மி.மீ. உருளை விலகும் கணத்தில் அச்சின் இடம் கழித்தல் 5. அதைக் குறிக்க மறந்து பூச்சியம் என வைத்தால், துளை 15 மி.மீ. தூரத்தில் விழும். குறியை மாற்றிக் கூட்டல் 5 என வைத்தாலோ, 10 மி.மீ. தூரத்தில் விழும். நூற்றில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் கருவி கையிலிருந்தும் பத்து மில்லிமீட்டர் தவறு நேர்கிறது. பல மணி நேரம் உழைத்து உருவாக்கிய உறுப்பு அந்த ஒரு துளையால் பழைய இரும்பாகிவிடும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தண்டின் விட்டம். 12, 16, 20 மி.மீ. தண்டுகள் கொண்ட கருவிகள் கிடைக்கின்றன. பயிற்சிக் கூடத்திலுள்ள கோலெட்டுகளில் எது உண்டு என்பதைப் பார்த்த பின்னரே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கூடுமானால் ஒரு பிடிப்பானை இக்கருவிக்கென்றே ஒதுக்கிவைப்பது நன்று.

இரண்டாவது, உயரம். டயல் கருவி எளிய உருளையைவிட நீளமானது. சிறிய மில்லிங் யந்திரத்தில் வைஸையும் வேலைத் துண்டையும் வைத்த பின், ஸ்பிண்டிலுக்கடியில் எஞ்சும் இடைவெளியை முன்னதாகவே அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அச்சைச் சீராக்கும் திருகுகள். டயல் எப்பொழுதும் நம்மை நோக்கியே நிற்பதில்லை. அதைப் படிப்பதற்காக ஸ்பிண்டிலைக் கையால் திருப்ப நேரும். கோளத்தின் மையம் ஸ்பிண்டிலின் அச்சில் இல்லையெனில், திருப்பும்தோறும் அளவு மாறும். எனவே, கோளத்தை அச்சிற்குக் கொணர உதவும் சிறு திருகுகள் இல்லாத கருவியை வாங்காதிருத்தல் நலம்.

நான்காவது, முனை. தவறுதலாக மேசை மிகுதியாக நகர்ந்தால் முதலில் முறிய வேண்டியது மலிவான முனையே அன்றி உள்ளிருக்கும் நெம்புகோல் அன்று. அவ்வாறு முறிவதற்கென்றே அமைந்த முனையும், தனியே விலைக்குக் கிடைக்கும் மாற்று முனைகளும் உள்ளனவா என்று விசாரித்தறிதல் வேண்டும். மாற்று முனை அக்கருவிக்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல் அவசியம். ஒரே சாய்வில் நீண்ட கம்பியின் நுனி மிகுதியாக ஒதுங்குமாதலால், நீண்ட முனைக்குப் பெரிய கோளமே பொருந்தும். கையில் அகப்பட்ட முனையை மாட்டினால் டயலின் பூச்சியம் பொய்யாகிவிடும்.

ஐந்தாவது, காப்பு. தென்மேற்குப் பருவமழை மிகுந்த இம்மலையடிவாரப் பகுதிகளில் துரு விரைவாகப் பிடிக்கும். குளிர்விப்பு நீர் உட்புகாத மூடியும், உலர்ந்த பெட்டியும், வாரந்தோறும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் தேவை.

இரு சோதனைகள்

கருவி வந்து சேர்ந்ததும் விளம்பரத் தாளை நம்பியிராமல் ஆசிரியரே சோதித்தறிய இயலும். இதற்கு வேண்டியது 25 மி.மீ. அளவுக் கட்டை ஒன்றேயாகும். அதன் இரு முகங்களையும் யந்திர மேசையின் நகர்வுக்குச் செங்குத்தாக வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதற் சோதனையில், கட்டையின் இடது முகத்தில் முள்ளைப் பூச்சியத்திற்குக் கொணர்ந்து யந்திர அளவைக் குறித்துக்கொள்க. பின்னர் ஸ்பிண்டிலைத் திருப்பாமல் வலது முகத்திலும் அவ்வாறே செய்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 25.00 மி.மீ. ஆக இருத்தல் வேண்டும். 25.03 எனக் காட்டினால், ஒவ்வொரு புறமும் முள் 0.015 மி.மீ. முன்னதாகவே பூச்சியத்தை அடைகிறது என்பது பொருள். ஒவ்வொரு முகத்தையும் நெருங்கும்போது திருகை ஒரே திசையில் திருப்பியே அணுக வேண்டும். கருவியை இரு புறங்களில் தொடுவதால் நகர்வுத் திசை மாறுகிறது. எண்காட்டி அளவுகோல் இல்லாத யந்திரங்களில், பேக்லாஷ் எனப்படும் திருகுத் தளர்வு இச்சோதனையைக் கெடுத்துவிடும். அத்தகைய யந்திரத்தில் மேசையின் நகர்வை ஒரு தனி டயல் கேஜால் அளந்தறிவது மேல்.

இரண்டாவது சோதனையில், ஒரே முகத்தில் பூச்சியம் பார்த்த பின், மேசையை விலக்கி, ஸ்பிண்டிலைக் கையால் 180 பாகை திருப்பி, மீண்டும் அதே முகத்தில் பூச்சியம் பார்க்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாட்டில் பாதி, கோளம் அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரம். வேறுபாடு 0.04 எனில், விலகல் 0.02 மி.மீ. திருகுகளால் இதைச் சீராக்கிக்கொள்ளலாம்.

இவ்விரு சோதனைகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். கோளம் அச்சிலிருந்து விலகியிருந்தால் இடது அளவும் வலது அளவும் ஒரே திசையில் ஒரே தூரம் நகர்கின்றன. அவற்றின் வேறுபாடு மாறுவதில்லை. எனவே, முதற் சோதனையில் 25.00 எனச் செம்மையாகக் காட்டும் கருவியும் விளிம்பைத் தவறான இடத்தில் காட்டக்கூடும். ஒரு சோதனையில் தேறியதைக் கொண்டு கருவி முழுவதும் சரி என முடிவு செய்வது அறிவியல் முறையாகாது.

விளிம்பில் பிசிறு நீக்கப்பட்டிருத்தலும், சீவல் துணுக்குகள் துடைக்கப்பட்டிருத்தலும் எச்சோதனைக்கும் முன் நிபந்தனைகள். வெப்பநிலையையும் மறத்தலாகாது. நீள அளவுகளுக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் பட்டறைகளில் 30 பாகை சாதாரணம். அந்த வெப்பத்தில் 300 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.035 மி.மீ., அதே நீள அலுமினியம் ஏறத்தாழ 0.07 மி.மீ. நீள்கின்றன. ஆகவே 0.01 மி.மீ. பிரிவுள்ள டயலே நம் தேவைக்குப் போதுமானது. அதனினும் நுண்ணிய பிரிவுக்கு அதிகப் பணம் செலவிடுவதால் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை

எளிய விளிம்பறி உருளை சுழன்றால்தான் வேலை செய்யும். டயல் கருவியோ ஒருபொழுதும் சுழலலாகாது. முதல் கருவியில் பழகிய மாணவர் இரண்டாவதைப் பொருத்தியவுடன் பழக்கத்தால் விசையை அழுத்திவிடக்கூடும். கனமான டயல் கருவி வேகமாகச் சுழன்று ஏதேனும் ஒன்றில் மோதினால் கருவி சிதைவதோடு அருகில் நிற்பவருக்கும் காயம் நேரலாம். எனவே, டயல் கருவியைப் பொருத்துமுன் யந்திரத்தின் முதன்மை மின்விசையை அணைப்பதை மாறா விதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

எதை வாங்குவது?

ஆரத்தைக் கணக்கிடும் அறிவு மாணவர்க்கு இன்றியமையாதது. ஆகையால், பயிற்சியின் தொடக்கத்தில் மாணவர் கையில் கொடுக்க வேண்டியது எளிய உருளையே. ஒரு டயல் கருவியின் விலைக்குப் பல உருளைகள் வாங்கலாம். கடைந்த துளைகளுக்காக ஒரு நெம்புகோல் டயல் இண்டிகேட்டரும் வேண்டும். இவை இரண்டும் அமைந்த பிறகு, எண்காட்டி அளவுகோல் பொருத்திய யந்திரமோ கணினியால் இயங்கும் யந்திரமோ உள்ள கூடங்களில், ஒரே நாளில் பல துண்டுகளைப் பலர் மாறி மாறிப் பொருத்தும் நிலை இருந்தால், டயல் கருவி தன் விலையை விரைவில் ஈடுசெய்யும். அத்தகைய வேலை இல்லாத கூடத்தில் அது பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிடும்.

வாங்கிய கருவியின் பெட்டிக்குள் ஓர் அட்டையை வைத்து, மாதம் ஒருமுறை மேற்கூறிய இரு சோதனைகளின் அளவுகளையும் நாளையும் அதில் எழுதிவருதல் நன்று. இப்பணியை மாணவர்களிடமே முறைவைத்து ஒப்படைக்கலாம். கருவியையும் ஐயுற்றுச் சோதித்த பின்னரே அதனைக் கொண்டு அளத்தல் வேண்டும் என்ற பழக்கம், அவர்கள் பின்னாளில் எந்தத் தொழிற்கூடத்திற்குச் சென்றாலும் உடன் செல்லும்.