கப்பல்கள் கிளம்பிய பிறகு பாக்கராக்

கோடையில் ரைன் நதிக்கரையில் ஓய்வெடுக்க வேண்டுமென்றால், ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து நேராக பாக்கராக் போய்விடலாம். மைன்ஸ் நிலையத்தில் வண்டி மாற வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஏறியதும் வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பிங்கனைத் தாண்டியதும் மலைகள் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும், ஆறு தண்டவாளத்தை ஒட்டியே ஓடும். பிங்கனில் தொடங்கி கோப்லென்ஸ் வரைக்குமான இந்த 65 கி.மீ. பள்ளத்தாக்கை 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பாக்கராக்கில் சுமார் 2,000 பேர்தான் வசிக்கிறார்கள். மரச்சட்டங்களுக்கு இடையே சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகள், அவற்றைச் சுற்றிக் கோட்டை மதில், அதற்கு மேலே செங்குத்தான சரிவில் ரீஸ்லிங் திராட்சைத் தோட்டங்கள். ‘பழைய வீடு’ என்றே பெயர் பெற்ற ஒரு வீடும் உண்டு. உச்சியிலுள்ள ஷ்டாலெக் கோட்டை இன்று இளைஞர் விடுதி. பெட்டியை இழுத்துக்கொண்டு கல் பாவிய தெருவில் நடந்தாலும் நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் ஊர் நடுவே வந்துவிடலாம்.

பகலில் கப்பலிலும் பேருந்திலும் வருகிறவர்களில் பலர் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. இந்த ஊரின் நல்ல நேரமே அவர்கள் போன பிறகுதான் தொடங்குகிறது. ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஊர் மேற்குக் கரையில் இருப்பதால் சூரியன் நம் முதுகுப் பக்கத்து மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். தெருவில் நிழல் விழுந்த பிறகும் எதிர்க்கரைத் தோட்டங்கள் வெயிலில் பொன்னாய்க் கிடக்கும்.

அந்த நேரத்தில் கரையோர பெஞ்சில் உட்கார்ந்து சரக்குக் கப்பல்களைப் பார்க்க வேண்டும். 110 மீட்டர் நீளக் கப்பல்கூட இங்கே சாதாரணம். நீரோட்டத்தோடு வடக்கே போவது கண் இமைப்பதற்குள் வளைவில் மறைந்துவிடும். எதிர்த்து ஏறுவதோ தண்ணீர் தளும்பும் விளிம்போடு மெல்ல மெல்ல நகரும். பின்பக்கத்தில் மாலுமியின் வீடு. ஜன்னலில் திரைச்சீலை, பூந்தொட்டி, கொடியில் காயும் துணி, மேல்தளத்தில் ஒரு கார். கணவனும் மனைவியுமாக அதிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு. நாம் ஓய்வெடுக்க வந்த ஆறு அவர்களுக்குப் பிழைப்பு என்பது அந்தத் துணிகளைப் பார்க்கும்போது உறைக்கும்.

சற்று வடக்கே, எதிர்க்கரையிலுள்ள காவுப் என்ற ஊரின் நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துத்தான் எவ்வளவு சரக்கு ஏற்றுவது என்று கப்பல்காரர்கள் முடிவெடுக்கிறார்கள். 2022 ஆகஸ்ட் வறட்சியில் அது 40 செ.மீ.க்கும் கீழே போனது. அது அளவுகோலின் கணக்கு. கப்பல் வழியின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். அப்படியும் கப்பல்கள் கொள்ளளவில் சிறு பங்கையே ஏற்றிக்கொண்டு போயின. காவுப் எதிரே ஆற்றின் நடுவில் 1327-இல் கட்டத் தொடங்கிய சுங்கக் கோட்டை நிற்கிறது. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே பாலமே கிடையாது. காவுப் போகவும் படகுதான்.

மீண்டும் பாக்கராக்கில், ஊர்த் தேவாலயத்திலிருந்து படியேறினால் கூரையில்லாத கோதிக் கட்டடம் ஒன்று வரும், வெர்னர் சிற்றாலயம். செந்நிறக் கல் சன்னல்களின் வழியே ஆறு தெரிகிற அந்தக் காட்சியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதன் கதையையும் தெரிந்துகொண்டே அங்கு நிற்க வேண்டும். 1287-இல் இறந்துகிடந்த வெர்னர் என்ற சிறுவனை யூதர்கள்தான் கொன்றார்கள் என்று பொய்ப்பழி கிளம்பியது. ரைன் கரை ஊர்களில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்தச் சிறுவனைப் புனிதனாக்கி எழுப்பிய ஆலயம் இது. 1689-இல் பிரெஞ்சுப் படை மேலேயுள்ள ஷ்டாலெக் கோட்டையைத் தகர்த்தபோது விழுந்த இடிபாடு இதையும் சிதைத்தது. வெர்னருக்கான வழிபாட்டு நாளை ட்ரியர் மறைமாவட்டம் 1963-இல்தான் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. அந்தப் பழியின் பின்னணியில் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே எழுதிய, முடிவுறாத நாவல் 1840-இல் வெளிவந்தது. இந்த ஊரின் அழகை இந்த வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

தங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரு கரையிலும் ரயில் பாதை உண்டு, இரவெல்லாம் சரக்கு ரயில்கள் ஓடும். அதனால் திராட்சைத் தோட்டப் பக்கம் அறை கேளுங்கள். சிறு விடுதிகளில் பெரும்பாலும் ஏசி இருக்காது. பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்து இரவில் திறந்துவிட்டால் தடித்த சுவர் குளிர்ச்சியைக் காத்துக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் திறக்காது. சனிக்கிழமையே ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் ஆற்றில் இறங்கவே வேண்டாம். குழந்தைகளைக் கரையில் தனியே விடாதீர்கள். கப்பல் கடக்கும்போது தண்ணீர் திடீரெனப் பின்வாங்கி, பிறகு அலையாக ஏறி வரும்.

கிளம்பும் நாளில் நேரம் இருந்தால் ரயிலை விட்டுவிட்டு கோப்லென்ஸ் வரைக்கும் கப்பலில் போங்கள். 132 மீட்டர் உயர லோரெலாய் பாறையடியில் ஆறு குறுகி, ஆழமாகித் திரும்புவதைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பதே தனி. கோப்லென்ஸில் மோசல் ஆறு வந்து சேரும் இடத்தருகே இறங்கினால், ஊர் திரும்ப அங்கிருந்து ரயில் இருக்கிறது.