வானில் நான்கு மணி நேரம். சரக்குக்கு எத்தனை மணி நேரம்?

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேரடி விமான சேவை உண்டு. காரமடை கறிவேப்பிலை, பல்லடம் சின்ன வெங்காயம், முருங்கைக்காய் ஆகியவற்றுக்கு அந்நாடுகளில் நல்ல கிராக்கி இருக்கிறது. ஆர்டர் வந்தவுடன் விலை சொல்லிவிடும் வியாபாரிகள், தூரத்தையும் நேரத்தையும் சரியாகக் கணக்கிட்டுக்கொள்வது அவசியம்.

தூரம்

பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறத்தாழ 3,160 கி.மீ. சார்ஜா ஏறத்தாழ 2,770 கி.மீ. இது பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய பாதை. உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும். விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் செல்லும். ஏற, இறங்க, ஓடுபாதைக்கு நகர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் சிங்கப்பூருக்கு சுமார் நாலேகால் முதல் நாலரை மணி, சார்ஜாவுக்கு சுமார் நான்கு மணி ஆகும். மேல்காற்று எதிர்த்து வீசினால் கூடும். பின்னிருந்து தள்ளினால் குறையும்.

கடிகாரக் குழப்பம்

டிக்கெட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னே, சார்ஜா ஒன்றரை மணி பின்னே. இரவு 9 மணிக்குக் கிளம்பி நாலரை மணி பறந்தால் சிங்கப்பூர் கடிகாரத்தில் விடியற்காலை 4. டிக்கெட்டைப் பார்த்தால் ஏழு மணி நேரப் பயணம் போலத் தோன்றும். அங்கு மாலை 5 மணிக்குக் கிளம்பினால் இங்கு இரவு 7 மணிக்கே வந்துவிடலாம். பார்வைக்கு இரண்டே மணி நேரம்! அங்குள்ள கடைக்காரருக்கு வாக்குக் கொடுக்கும்போது எந்த ஊர் நேரம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சரக்கின் நேரம்

இலை வாடுவது பறித்த நிமிடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. உதாரணமாக, காலை 6 மணிக்குப் பறித்த கறிவேப்பிலையைத் தரம் பிரித்துக் கட்ட 4 மணி, பீளமேடு சேர 2 மணி, சரக்குக் கிடங்கில் எடை, சோதனை, சுங்கம் எல்லாம் முடிய 6 மணி, பறக்க 4 மணி, சார்ஜாவில் இறக்கிக் கடை சேர்க்க 5 மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21 மணி. இதில் விமானத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பச்சை சரக்கின் மதிப்பு போய்விடும்.

எடையிலும் கவனம்

விமானக் கூலி, உண்மை எடை அல்லது கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே. நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிடைக்கும். 60, 40, 40 செ.மீ. பெட்டிக்கு இது 16 கிலோ. அதில் 9 கிலோ கறிவேப்பிலைதான் இருந்தாலும் 16 கிலோவுக்குக் கூலி கட்ட வேண்டும். வெங்காயம் கனமான பொருள். அதற்கு உண்மை எடையே கணக்கு.

ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண், தாவரப் பொருள்களுக்குப் பூச்சி நோய் இல்லை என்ற பைட்டோசானிட்டரி சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் கெட்டுப்போனால் நஷ்டம் யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பறிப்பது முதல் கடை சேர்வது வரை முழு நேரத்தையும் கணக்கிட்ட பிறகே விலை சொல்லுங்கள். முதலுக்கு மோசம் வராது.