காலையில் இட்லி, 11 மணிக்கே பசி: ஏன்?

காலை 8 மணிக்கு ஐந்து இட்லியைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டவருக்கு 11 மணிக்கே வயிறு கேட்கிறது. இரண்டு இட்லியோடு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்துக்கொண்டவர் பெரும்பாலும் மதியம்வரை தாக்குப்பிடிக்கிறார். எந்தச் சத்து உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து ஹார்மோன்களும் மாறுகின்றன.

மாவுச்சத்து

இட்லியில் உளுந்தும் இருக்கிறதே என்பீர்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதானே போடுகிறோம்! வெந்த அரிசி மாவு வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சட்டென்று இறங்கி, சீக்கிரமே மறுபடி ஏறிவிடுகிறது.

புரதம்

புரதமும் இன்சுலினைத் தூண்டும். கூடவே, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் குளுக்ககானையும் தூண்டும். அதனால்தான் வெறும் மீனோ முட்டையோ தின்றால் சர்க்கரை தாழ்ந்துபோவதில்லை. புரதம் கிரெலினையும் நெடுநேரம் அடக்கி வைக்கிறது. 11 மணிக்குப் பிஸ்கட்டைவிடச் சுண்டல் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

கொழுப்பு

கொழுப்பால் இன்சுலின் அதிகம் ஏறாது. அது கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. பித்தப்பை சுருங்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. ஆனால் கிரெலினை அடக்குவதில் கொழுப்பு அவ்வளவு கெட்டியில்லை.

குடல் அனுப்பும் தகவல்

ஒரே அளவு ரத்தச் சர்க்கரைக்கு, குளுக்கோஸை நரம்பில் ஏற்றும்போது சுரப்பதைவிட வாய்வழி குடிக்கும்போது கூடுதல் இன்சுலின் சுரக்கும். உணவு வந்ததும் குடலிலிருந்து கிளம்பும் ஜிஎல்பி-1, ஜிஐபி ஹார்மோன்கள் கணையத்தை உசுப்பிவிடுகின்றன. இயற்கையான ஜிஎல்பி-1 இரண்டே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் செமாகுளுடைட் ஊசி மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

எதை முதலில்?

காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுப்பொருளைக் கடைசியில் தொட்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுவதை இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பந்தியில் பொரியலும் கூட்டும்தான் முதலில் வருகின்றன. சோறு விழும்வரை யாரும் கைவைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டவும் கூடாது.